பருப்பு வேகாத தண்ணீர்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஐயங்கார்குளத்தில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று விசாரித்தால், "பருப்பு வேகுதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நல்ல கேள்வி அது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பிலுள்ள பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு மசியாமல் முழுசு முழுசாக நிற்கும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதும், ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் பொருக்கு ஏறுவதும் அதே உப்புகளின் வேலைதான்.

இந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டிய தாதசமுத்திரம், அதாவது லட்சுமிகுமார தாதாச்சாரியார் வெட்டிய எங்கள் ஏரி, நிரம்பிய வருஷத்தில் தை மாதம் வரை எங்கள் வீட்டுப் பருப்பு நன்றாகவே குழையும். சித்திரை பிறந்து கிணறு இறங்க இறங்க வெந்நீர் அண்டாவில் பொருக்குத் தடிக்கும். அதனால் ஒருமுறை பரிசோதித்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். தையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது. எங்கள் கிணறு வைகாசியில் 480 காட்டியது. அதே அறிக்கையில் காரத்தன்மை என்றொரு வரி இருக்கும். எங்களுக்கு அது 300. கொதிக்கவைத்தால் படிந்து இறங்கக்கூடிய பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான், மீதி 180 எவ்வளவு கொதித்தாலும் போகாது என்று அதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கடினத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்ற பயம் எங்கள் பக்கம் அதிகம். கடினத்தன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. கல்லுக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் தண்ணீரைக் குறைவாகக் குடிப்பதை நிறுத்த வேண்டும். சொந்தக் கிணற்றில் நான் கவலையோடு பார்க்கும் வரிகள் வேறு: ஃப்ளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி. வயலும் மாட்டுக்கொட்டகையும் கழிப்பறைக் குழியும் அருகருகே இருக்கும் ஊரில் இந்த மூன்றையும் பார்க்காமல் விடவே கூடாது.

ஊருக்குள் வரும் விற்பனையாளர்கள் செய்துகாட்டும் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு டம்ளர் வைப்பார்கள். ஒன்றில் நம் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தால் நம் டம்ளர் மட்டும் செம்பழுப்பாகக் குழம்பிப்போகும். பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல; இரும்புக் கம்பி அரித்து விழுந்த துரு. உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் அது தெளிவாக நிற்கிறது. பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் வைக்கலாமே என்பார்கள். நகரத்தில் வைக்கட்டும். எங்களைப் போன்ற வீட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்று வையுங்கள். 480 கடினத்தன்மையில் அது 240 கிராம் சுண்ணாம்பு. அதைப் பிடித்த ரெசினைக் கழுவிப் புதுப்பிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கல்லுப்பு செலவாகும். மாதத்துக்குப் பதினைந்து கிலோ தாராளமாக ஆகும். அந்த உப்புக் கழிவு எங்கே போகும்? இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. கொல்லையில் விட்டால் வாழையும் முருங்கையும் கருகும், மண்ணில் இறங்கி நம் கிணற்றுக்கே வந்து சேரும். அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் போகும். தவிர, சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. 480-ஐ முழுக்க நீக்கினால் லிட்டருக்கு 220 மில்லிகிராம் சோடியம் கூடும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கக்கூடாது.

நாங்கள் தண்ணீரை வேலைக்குத் தகுந்தபடி பிரித்துக்கொண்டோம். கழிப்பறை, பாத்திரம், வாசல் தெளிப்பு எல்லாவற்றுக்கும் கிணற்றுத் தண்ணீர் அப்படியே. துணிக்கு மட்டும், இருபது லிட்டர் வாளியில் இரண்டு தேக்கரண்டி சலவை சோடாத் தூளைக் கரைத்து அரைமணி நேரம் விட்டுவிடுவோம். தண்ணீர் முதலில் பால் நிறமாகும், பிறகு அடியில் வெள்ளையாகப் படியும். தெளிவை இறுத்து எடுத்தால் பாதி சோப்பில் வேலை முடியும். பட்டுக்கு இது ஆகவே ஆகாது. காரம் பட்டிழையை அரிக்கும். காஞ்சிபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பட்டுப்புடவையைச் சோடாவில் நனைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. அதை மழைத்தண்ணீரில் அலசுங்கள்.

ஹீட்டரை 50 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், சூடு கூடக்கூடப் பொருக்கும் கூடும். அண்டாவிலும் கெட்டிலிலும் படிந்ததை மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் நுரைத்துக் கழன்றுவிடும். குளியலறைக்கு விற்கும் ஆசிட்டைப் பாத்திரத்துக்கும் ஹீட்டருக்கும் கொண்டுபோகவே கூடாது.

சமையலுக்கு மாடித் தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, தொட்டி இல்லை. 600 சதுர அடி மாடியில் 1,000 மில்லிமீட்டர் பெய்தால் 55,000 லிட்டர். கால்வாசி வீணானாலும் 40,000 நிற்கும். முதல் மழையை வெளியே விட்டு மாடியைக் கழுவவிடுங்கள். பிறகு மணல், ஜல்லி, அடுப்புக்கரி போட்ட வடிகட்டி வழியாக, வெளிச்சம் புகாத தொட்டியில் சேருங்கள். குடிப்பதானால் கொதிக்கவைத்த பிறகே. தொட்டி நிரம்பி வழிவதை, அதே வடிகட்டி தாண்டி, கிணற்றுக்குப் பத்தடி தள்ளித் தோண்டிய உறிஞ்சுகுழியில் விட்டிருக்கிறோம். கோடையில் தொட்டி தீர்ந்துபோனால் கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மேலாக இறுத்துப் பருப்புக்கு வைப்போம். ஆப்பசோடா போட்டாலும் பருப்பு வேகும், ஆனால் அதிலுள்ள தயமின் சத்து அழிந்துவிடும்.

இப்போதெல்லாம் சாம்பார் கொதிக்கும் வாசனையிலேயே என் அத்தை கேட்டுவிடுகிறார்: "ஏம்மா, இன்னிக்கு மழத்தண்ணியா?"