ரிவர்ஸ் சென்சாருக்கு எது கேட்கும், எது கேட்காது?

காரைப் பின்னால் எடுக்கும்போது வரும் 'பீப் பீப்' சத்தம் ஓட்டுபவருக்காக எழுப்பப்படுவது. பின்பம்பரில் பொத்தான் மாதிரி பதித்திருக்கும் சென்சார்கள் எழுப்பும் ஒலி வேறு. அது நம் காதில் விழாது. சென்சார் இருக்கிறதே என்ற தைரியத்தில் திரும்பிப் பார்க்காமலே வண்டியை எடுப்பவர்கள் நம்மிலும் உண்டு. ஆகவே அந்தக் கேளாத ஒலியைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிடுவோம்.

மனிதக் காதுக்கு நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிதான் கேட்கும். (வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவிடும்.) அதற்கு மேற்பட்டதைப் பள்ளிப் பாடத்தில் மீயொலி என்கிறார்கள். தூரம் அளக்கும் சென்சார்களில் பெரும்பாலானவை 40,000 அதிர்வில், அதாவது 40 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. சில கார்களில் இது 50-ஐத் தொடும். அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் வாங்கிவரும், இரண்டு கண் வைத்தாற்போன்ற எச்சி-எஸ்ஆர்04 சென்சாரும் 40 கிலோஹெர்ட்ஸ்தான்.

ஏன் இந்த எண்? அதிர்வெண்ணைக் காது கேட்கும் எல்லைக்குள் இறக்கினால் ஒவ்வொரு வண்டியும் கீச்சிடும், தெருவில் நிற்க முடியாது. அலைநீளமும் கூடிவிடும், மெலிந்த பொருள்கள் பிடிபடாது. மிக உயர்த்தினால் நுட்பமாக அளக்கலாம். ஆனால் அதிர்வெண் கூடக் கூடக் காற்று ஒலியை விரைவாக விழுங்கிவிடும். எட்டும் தூரம் சுருங்கும். 40 ஒரு நடுவழி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. இந்த அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளம் எட்டரை மில்லிமீட்டர். சில மீட்டர் வரை எதிரொலி திரும்பி வரும்.

ஒரு மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால், ஒலி போய்த் திரும்ப ஏறத்தாழ 6 மில்லிநொடி. அந்த நேரத்தைத்தான் கருவி தூரமாகக் கணக்கிடுகிறது. கார் சென்சாரில் ஒலியை எழுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் ஒரே சிறிய பீங்கான் வில்லை. அடித்த மணி போல அது சற்று நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் வரும் எதிரொலி அதற்குக் கேட்காது. வண்டியை ஒட்டினாற்போல் இருப்பதை அதனால் சரியாக அளக்க முடியாமல் போவது இதனால்தான்.

இனித்தான் கவலைக்குரிய பகுதி. சுவர், இன்னொரு கார் போன்ற கெட்டியான தட்டைப் பரப்புகள் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். சாய்ந்த பரப்பில் பட்ட ஒலி வேறு பக்கம் போய்விடும். துணி, கம்பளி, பஞ்சு ஆகியவை அதை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய கம்பி தப்பிவிடலாம். தாழ்வாகக் குந்தி விளையாடும் சின்னப் பிள்ளை ஒலி பரவும் கூம்புக்குக் கீழேயே இருந்துவிடலாம். சென்சார் மேல் சேறு படிந்திருந்தாலோ இவ்வளவு கணக்குக்கும் அவசியமே இல்லை, அது ஊமைதான்.

பெருநாளிலும் நிக்காஹ் வீடுகளிலும் குறுகலான தெருவில் வண்டிகள் நெருக்கி நிற்கும், பிள்ளைகள் இடையிடையே ஓடுவார்கள். அன்றைக்குப் பெரியவர் ஒருவர் இறங்கி வண்டியின் பின்னால் நின்று, பிள்ளைகளை ஓரமாக்கிய பிறகே கியர் போட வேண்டும்.

வீட்டில் எச்சி-எஸ்ஆர்04 இருந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து சோதித்துப் பாருங்கள். அரை மீட்டர் தள்ளி ஒரு தடித்த புத்தகத்தை நேராக வைத்து அளவைக் குறியுங்கள். பிறகு அதைச் சாய்த்து வையுங்கள். கடைசியாக அதே இடத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, திரையில் வரும் எண் என்ன ஆகிறது என்று பாருங்கள்.