மடித்ததைப் பிரித்துப் பார்ப்போம்

எங்கள் ஊரில் தாள் மடிப்பது விளையாட்டு இல்லை, பிழைப்பு. தாயில்பட்டியைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள். விடியும்போதே ஆலை வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். காகிதக் குழாய் உருட்டுவது, சரம் பின்னுவது, பெட்டி ஒட்டுவது, எல்லாமே விரல் வேலை. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அம்மா, அப்பா, பாட்டி என்று யாராவது ஒருவர் அந்த வேலையில் இருக்கிறார். தாள் மடிப்புக் கலையான ஒரிகாமியை நான்காம் வகுப்பில் தொடங்கியபோது இந்தப் பிள்ளைகளுக்கு இது எளிதாக வரும் என்று நினைத்தேன். வந்தது. தப்பும் அங்கேதான் நடந்தது.

முதல் நாள் நாய் முகம் செய்தோம். ஆசிரியர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வரும். மடிப்பு மேலேயும் கூர்முனை கீழேயும் இருக்கும்படி வைத்து, மேலுள்ள இரண்டு முனைகளையும் சாய்வாகக் கீழே இறக்கினால் காதுகள். கீழ்முனையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மடித்தால் தாடை. பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்தால் நாய் தயார். அதே முக்கோணத்தைத் தலைகீழாக வைத்து, கீழ்முனைகள் இரண்டையும் மேலே தூக்கி, நடுமுனையை முன்னால் மடக்கித் திருப்பினால் பூனை.

அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்க நாய்களும் பூனைகளும். ஒரு மாணவி மட்டும் 14 செய்திருந்தாள். மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் அவள் மூன்று முடிப்பாள். நகத்தால் மடிப்பை ஒரே இழுப்பில் தேய்த்துவிட்டு அடுத்த தாளை எடுப்பாள். "என்ன வேகம் பாருங்கள்! எல்லாரும் கை தட்டுங்கள்" என்றேன். எல்லாவற்றையும் நூலில் கோத்துத் தோரணமாகக் கட்டி, படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டேன். நல்ல பெயரும் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவியின் அம்மா வந்தார். வேலைக்குப் போகாத நாள் போலும். சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"டீச்சர், எம்புள்ள வேகமா மடிக்குதுன்னு கை தட்டச் சொன்னீங்களாமே. நானும் அந்த வயசுல வேகமாத்தான் தீப்பெட்டி ஒட்டுனேன். வீட்டுல எல்லாரும் மெச்சுனாங்க. அஞ்சாப்போட படிப்பு நின்னு போச்சு. இங்கயும் வேகத்தத்தான் பாக்குறீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலையில் வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயிற்சியில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நானே எண்ணிக்கைக்குக் கை தட்ட வைத்திருக்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் உறைத்தது. செய்த பொருளைப் பார்த்தேனே தவிர, மடிக்கும்போது அந்தப் பிள்ளை என்ன யோசித்தாள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த வாரம் சுந்தர ராவைப் பற்றி மீண்டும் படித்தேன். அன்றைய சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்தவர். 1893இல் சென்னையில் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் 'ஜியோமெட்ரிக் எக்சர்சைசஸ் இன் பேப்பர் ஃபோல்டிங்'. ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய மழலையர் பள்ளி முறையில் தாள் மடிப்பும் ஒரு பயிற்சி. அதிலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். ஜெர்மானியக் கணிதப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் க்ளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட, அதைப் பார்த்த அமெரிக்கக் கணித ஆசிரியர்கள் இருவர் 1901இல் சிகாகோவிலிருந்து இதன் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் எழுதிய புத்தகம் கடல் தாண்டிப் போய்ப் பேர் வாங்கியிருக்கிறது. நம் ஆசிரியர் பயிற்சிகளில் அவர் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை.

அந்த நூலில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. ஒழுங்கில்லாத ஒரு தாளைச் சதுரமாக்குவதில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று போகிறது. மடித்தால் ஒரு பகுதி இன்னொன்றின் மேல் பொருந்துகிறது. பொருந்தினால் இரண்டும் சமம். அவ்வளவுதான் அடிப்படை. என் பிள்ளைகளின் விரலுக்கு இது ஏற்கெனவே தெரியும். அதை வாயால் சொல்லத்தான் தெரியாது, நானும் சொல்ல வைக்கவில்லை.

அடுத்த வகுப்பில் ஒழுங்கை மாற்றினேன். ஆளுக்கு ஒரே ஒரு தாள். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளைக் கொண்டுவரச் சொன்னேன். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காலண்டர் தாளுக்குப் பஞ்சமா! அது செவ்வகம். சதுரமாக்க வேண்டும், ஆனால் ஸ்கேலைத் தொடக்கூடாது. குறுகிய பக்கத்தை நீண்ட பக்கத்தின் மேல் படியும்படி சாய்த்து மடித்து, மிஞ்சும் பட்டையைக் கிழித்தார்கள். "இது சதுரம்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், "இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துருச்சு டீச்சர், அப்ப ரெண்டும் ஒரே நீளம்" என்றான். இன்னொருவன் நம்பாமல் ஸ்கேலை எடுத்து அளந்து, ஒரு மில்லிமீட்டர் கூடுகிறது என்று சண்டை போட்டான். மடிப்பு வழுக்கியதா, கிழித்தது கோணலா, அளந்தது தப்பா என்று அன்றைய பாடவேளை அதிலேயே போய்விட்டது. நாய்க்கு நேரமே இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

மறுநாள் இருவர் இருவராக உட்கார வைத்தேன். ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர் சொன்னதை மட்டும் மடிக்க வேண்டும். 14 நாய் செய்த மாணவி இதில் திணறினாள். "இங்க... இப்படி... அந்தப் பக்கம்" என்றாள். எதிரில் இருந்தவனும் குறும்பாக எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த இடத்துக்கு ஒரு பேர் வை" என்றேன். மூலை, ஓரம், நடுக்கோடு என்று ஒவ்வொன்றாக வந்தது. மூலைவிட்டம் என்ற பாடநூல் சொல்லை அப்போதுதான் கொடுத்தேன். தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்ததால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

செய்து முடித்த நாயைப் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பிரித்த தாளில் எத்தனை கோடுகள், எத்தனை முக்கோணங்கள், எது செங்கோணம், அதில் பாதியான 45° எங்கே என்று தேட வையுங்கள். ஒரு காது பெரிதாகிவிட்ட நாயைப் பிரித்தால் எந்தக் கோடு விலகியது என்று தாளே காட்டும். சமச்சீர்த்தன்மைக்கு இதைவிட நல்ல துணைக்கருவி என்னிடம் இல்லை.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு இரண்டு. முக்கோணத் தாள் ஒன்றை எடுத்து, மிக நீளமான பக்கத்தை அடியாக வைத்து, உச்சியிலிருந்து அடிக்கு இறங்கும் குத்துக்கோட்டின் அடிப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சியை அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து, அடிப்பக்கத்துக்கு இணையாக மடியுங்கள். மீதி இரண்டு முனைகளையும் அதே புள்ளிக்கு மடித்தால் மூன்று கோணங்களும் ஒரே நேர்க்கோட்டில் சேர்ந்து உட்காரும். 180° கண்ணுக்குத் தெரியும். அடுத்தது 60°. சதுரத்தை நெடுக்காகப் பாதியாக மடித்துப் பிரியுங்கள். கீழே ஒரு மூலை அசையாமல் இருக்க, மறு மூலையைத் தூக்கி நடுக்கோட்டின் மேல் வையுங்கள். அந்த இடமும் கீழிரண்டு மூலைகளும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம். பாகைமானி தேவையில்லை. ஏன் சமபக்கம் என்று மாணவரே சொல்லும்வரை காத்திருப்பதுதான் கடினம்.

தாள் பற்றி எங்கள் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பையன் பளபளப்பான தாள்களை அள்ளிக்கொண்டு வந்தான். தொட்ட விரலில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. வேலையிடத்திலிருந்து வந்த தாள். மருந்துத் தூளாக இருக்கலாம் என்று பயந்து, எல்லாப் பிள்ளைகளையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். அந்தத் தாளை வகுப்பில் வைக்கவில்லை. பட்டாசு வேலை நடக்கும் இடத்துத் தாள், அட்டை, நூல் எதுவும் பள்ளிக்கு வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்திலும் சொன்னேன். காலண்டர் தாள், எழுதித் தீர்ந்த நோட்டு, அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய ஓரங்கள் போதும்.

அந்தக் கூட்டத்துக்கு அந்த அம்மாவும் வந்திருந்தார். வீட்டில் மகள் அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறாளாம். "அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கை மடிச்சிருது டீச்சர். பிரி, நான் இன்னும் சொல்லலைன்னு அதட்டுறா" என்று சிரித்தார்.

இப்போது தவளையில் இருக்கிறோம். பின்பக்கத்தை விசிறிபோல மடித்து விரலால் அழுத்தி விட்டால் துள்ளும். ஆளுக்கு ஐந்து முறை துள்ளவிட்டு, தூரத்தை அளந்து, சராசரி கண்டுபிடிக்கிறோம். காலண்டர் தாள் தவளைகள் துள்ளாமல் படுத்துவிட்டன. கொஞ்சம் மொத்தத் தாளாக எடுத்தால் துள்ளும் என்று அம்மா சொன்னார்களாம். மாணவி பழைய நோட்டு அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நாளைக்கு அளக்கப் போகிறோம்.