அழற்சியும் மார்பகப் புற்றுநோயின் பரவலும்

அழற்சி என்னுஞ் சொல் ‘அழல்’ என்பதன் அடியாகப் பிறந்தது. முள் தைத்த இடஞ் சிவந்து, வீங்கி, சுட்டு, நோவதை யாவரும் அறிவர். அங்கு நிகழ்வது கேடன்று, காப்பேயாம். காயமுற்ற இடத்துக் கலங்கள் சைற்றோகைன் எனப்படுஞ் சிறு புரதங்களை வெளியிடுகின்றன. தூதரைப் போன்ற இவை வெண்குருதிக் கலங்களை அழைத்தும், புதிய குருதிக் குழாய்களை அரும்பச் செய்தும் புண்ணை ஆற்றுவிக்கின்றன. புண் ஆறியதும் தூது நின்றுவிடும்.

புற்றுக் கட்டியிலோ அது நிற்பதில்லை. கட்டிக்குள் வெண்குருதிக் கலங்கள் காணப்படுவதை ஜேர்மானிய அறிஞர் றூடோல்வ் வீர்க்கோ 1863இலேயே எடுத்துரைத்தார். 1986இல் அமெரிக்க அறிஞர் ஹரோல்ட் டுவோறாக் கட்டியை ஆறாத புண் என்றார். இன்ரர்லியூக்கின்-6 என்னும் புரதம் மார்பகப் புற்றுக் கலங்களைப் பெருகவும், அயற்கலங்களினின்று கழன்று நகரவுந் தூண்டுகின்றது. கட்டி நசிவுக் காரணி என்று மற்றொன்று உண்டு. பெயரைக் கண்டு மயங்கற்க. சிறிதளவில் நெடுநாட் சுரக்குமிடத்து அது கட்டிக்கே துணைபோகின்றது.

கழன்ற கலங்கள் நிணநீர் வழியாகவுங் குருதி வழியாகவுஞ் சென்று என்பு, நுரையீரல், ஈரல், மூளை ஆகியவற்றைச் சேரும். வித்து எங்கும் விழலாம். முளைப்பது ஏற்ற நிலத்திலேயே என்னும் உவமையால் இதனை 1889இல் விளக்கியவர் ஆங்கில மருத்துவர் ஸ்ரீபன் பஜெற். என்பைச் சேர்ந்தவிடத்து நிலம் தானாகவே பண்படுத்தப்படுகின்றது. தூதுப் புரதங்கள் என்பை அரிக்குங் கலங்களை ஏவுகின்றன, என்பு கரைகின்றது, அதினின்று வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுக்கு உரமாகின்றன.

இத்தூதை மருந்தினால் மறித்துவிடலாகாதோ என்று மாணவர் வினவலாம். ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஆயினும் உடலெங்கும் மறித்தால் நோய்க்கிருமிகளை எதிர்க்குங் காப்புங் குன்றும் என்பதே இடர்ப்பாடு.

அழற்சியாயின் நோகவேண்டாமா? இது நீறுபூத்த நெருப்பு. மார்பகக் கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. “நோகேல்லைத்தானே, பிறகு பாப்பம்” என்று கெலிஓயாப் பக்கத்துத் தாய்மார் நாட்கடத்துவதை நாம் கேட்டிருக்கின்றோம். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. சிலர் மஞ்சளை அரைத்துப் பூசுவர். மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் இயல்பு உண்டென ஆய்வுகூடங்களிற் கண்டது மெய்யே. எனினும் தோலின்மேற் பூசிய மஞ்சள் உள்ளே நடக்குந் தூதை நிறுத்தாது.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் 1996 முதல் நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. ஐயமுற்றால் அங்கிருந்தே வைத்தியசாலைக்கு அனுப்புவர். நம்மவர்க்குப் பேராதனையும் கண்டியும் ஒரே பஸ் வழியிலுள்ளன.