முருகன் பாட்டைக் காப்பி எடுக்கலாமா?

ஓம் சரவணபவ!

"முருகன் எல்லாருக்கும் பொது. அவர் பாட்டுக்கு எதுக்குங்க காப்பிரைட்?" திருப்போரூர் கிருத்திகைக்குப் போகும்போதெல்லாம் எங்க குழுவுல வர்ற கேள்வி இது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, பாடல் வேறு, ஒலிப்பதிவு வேறு. திருப்போரூர்ச் சந்நிதி முறை பாடிய சிதம்பர சுவாமிகள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அந்தப் பாடல்களை யாரும் பாடலாம், அச்சிடலாம். திருப்புகழும் அப்படித்தான். சுவடிகளில் சிதறிக் கிடந்த திருப்புகழை நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடி அச்சில் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையா யாரோ பிரதி எடுத்து வச்சதாலதான் அவருக்குக் கிடைச்சது. ஆக, பிரதி எடுப்பது பாவம் இல்லை.

ஆனா அதே திருப்புகழை இன்னைக்கு ஒருத்தர் பாடிப் பதிவு செஞ்சா, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் பதிவுக்கு 60 வருஷம் உரிமை உண்டு. மெட்டு புதுசுன்னா அதுக்கும் தனி உரிமை.

சட்டம் நமக்கும் இடம் கொடுக்குது:

1. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52ஆம் பிரிவு அனுமதிக்குது. காசு கொடுத்து வாங்கின சிடியை நம்ம கார் பென்டிரைவில் ஏற்றிக் கேட்பதை இதில் சேர்க்கலாம்.

2. உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டு ஒலிபரப்புவதற்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கு.

3. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை சிறை, அபராதம்னு சொல்லுது. நோக்கம்தான் முக்கியம்.

அப்போ முழு ஆல்பத்தையும் 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது? அது சொந்த உபயோகம் ஆகாது. பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்னு கேட்கலாம். கடன் வாங்கி ஸ்டூடியோ வாடகை கட்டி ஒரே ஒரு ஆல்பம் போடும் ஓதுவாரை நினைச்சுப் பாருங்க. "பக்தியோட பகிர்ந்தோம்"னு நாம சொல்வோம். மிருதங்கக்காரர் சம்பளத்தை அவர்தானே கொடுக்கணும்? கந்தன் பாட்டு பொதுதான், கலைஞர் உழைப்பு பொது இல்லை.

அதனால ஃபைலுக்குப் பதிலா பாடினவங்க வெளியிட்ட லிங்க்கை அனுப்புங்க. முடிஞ்சா ஒரு பிரதி வாங்குங்க, இல்லன்னா அனுமதி கேளுங்க. எல்லாத்தையும் விட, பழைய மெட்டில் ஒரு திருப்புகழை நீங்களே பாடிப் பதிவு செஞ்சு அனுப்புங்க. அதைத் தாராளமாப் பகிரலாம், யாரும் தடுக்க முடியாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!