கடைசி வரிசைக்கும் தெரியும் வண்ணங்கள்

மண் வகைகள் பாடத்திற்காகச் சார்ட்டில் தமிழ்நாட்டு வரைபடம் வரைந்திருந்தேன். செம்மண் பகுதிக்குச் சிவப்பு, வண்டல் மண் பகுதிக்குப் பச்சை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்து, வண்டல் மண் பகுதியைக் காட்டச் சொன்னேன். செம்மண் பகுதியைத் தொட்டான். வகுப்பே சிரித்தது. பாடத்தைக் கவனிக்கவில்லை என்று நானும் கடிந்துகொண்டேன்.

இடைவேளையில் தயங்கியபடி வந்தான். “சார், ரெண்டும் ஒரே கலராத்தானே சார் இருக்கு?”

தவறு அவனிடம் இல்லை, என் சார்ட்டில் இருந்தது. அதன் பிறகே வண்ணங்களைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினேன்.

வண்ணச் சக்கரம்

ஓவியத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை வண்ணங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு, மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை, நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஊதா. இந்த ஆறையும் வட்டமாக அடுக்கினால் எதிரெதிரே வருபவை நிரப்பு வண்ணங்கள்: சிவப்பு–பச்சை, நீலம்–ஆரஞ்சு, மஞ்சள்–ஊதா. அருகருகே வைத்தால் ஒன்றையொன்று எடுப்பாகக் காட்டும். ஆனால் ஒன்றின் மேல் மற்றொன்றால் எழுதினால் கண் கூசும். பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸ் எழுத்து தெளிவாகத் தெரியாததை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

நிறமா, வெளிச்சமா?

எழுத்து தெளிவாகத் தெரிய நிற வேறுபாடு மட்டும் போதாது. ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர்ந்தும் இருக்க வேண்டும். வாடகை வாகனங்களின் எண் பலகையில் மஞ்சள் மீது கருப்பு எழுத்து தொலைவிலிருந்தே தெரிகிறது. அதே மஞ்சளால் வெள்ளைச் சார்ட்டில் எழுதினால் இரண்டாம் வரிசைக்கே தெரியாது.

இதற்கு எளிய சோதனை உண்டு. சார்ட்டை அலைபேசியில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு வண்ணங்கள் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அவற்றில் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

நிறம் மட்டும் போதாது

நம் விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவற்றில் ஒன்று குறைந்தாலோ மாறுபட்டாலோ சில நிறங்களைப் பிரித்தறிய முடியாது. சிவப்பு–பச்சைக் குறைபாடே மிகுதி. அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் சிறுமியரைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. எழுத்துகள் தெளிவாகத் தெரிவதால் அந்தக் குழந்தைக்கே இது தெரியாமல் போகலாம். கண்டறிய 1917இல் வெளியான இஷிஹாரா புள்ளிப் படங்கள் இன்றும் பயன்படுகின்றன. ஐயம் எழுந்தால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லி, கண் மருத்துவரிடம் அனுப்புவோம். ரயில் ஓட்டுநர் போன்ற பணிகளுக்கு நிறப்பார்வை கட்டாயம் என்பதால் முன்பே அறிவது நல்லது.

சார்ட் எழுதும்போது

• நிறத்தோடு புள்ளி, கோடு, பெயர் ஆகியவற்றையும் சேருங்கள்.
• ஒரு சார்ட்டில் மூன்று வண்ணங்களுக்கு மேல் வேண்டாம். தலைப்புக்கு ஒரு வண்ணம் என்றால் எல்லாச் சார்ட்டிலும் அதுவே.
• தொடர்புடையவற்றை அருகருகே எழுதி, இடப்பக்கம் ஒரே நேர்கோட்டில் தொடங்குங்கள்.
• ஓரங்களில் பூ வரைந்து நிரப்ப வேண்டாம். வெற்றிடமும் கண்ணுக்கு ஓய்வு.
• மாட்டியதும் கடைசி வரிசையில் அமர்ந்து படித்துப் பாருங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

குழுவுக்கு மூன்று முதன்மை வண்ணங்கள் கொடுத்து வண்ணச் சக்கரம் செய்யச் சொல்லலாம். பிறகு “குடிநீரை வீணாக்காதீர்” என்ற வாசகத்தை ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு வண்ண இணைகளில் எழுதட்டும். எது அதிகத் தொலைவிலிருந்து தெரிகிறது என்று அடிகளால் அளந்து அட்டவணைப்படுத்தட்டும். ஓவியம், அறிவியல், கணக்கு மூன்றும் ஒரே பாடவேளையில் வந்துவிடும்.

அடுத்த வாரம் அதே வரைபடத்தைச் செம்மண்ணுக்குப் புள்ளிகளும் வண்டலுக்குக் கோடுகளும் இட்டு மீண்டும் வரைந்தேன். அவனைக் கடிந்துகொண்டது என் தவறு என்று வகுப்பின் முன் சொன்னேன். அவன் எழுந்து வந்து வண்டல் மண் பகுதியைச் சரியாகத் தொட்டான். உங்கள் வகுப்புச் சுவரையும் ஒருமுறை பாருங்கள்.