பழைய தமிழ்க் கோப்புகளை மீட்டெடுத்தல்

ஓலையைக் கறையான் அரிக்கும். தாள் பழுப்பேறி நொறுங்கும். கணினியில் ஏற்றிவைத்தது மட்டும் என்றும் அழியாது என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் நிலவுகின்றது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை யாம் அண்மையில் பட்டறிந்தோம். அப்பட்டறிவைப் பிறர்க்கும் பயன்படும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்முடன் பணியாற்றி மறைந்த தமிழாசிரியர் ஒருவர், கடற்கரை முஸ்லிம் ஊர்களின் பேச்சுவழக்குச் சொற்களைப் பல்லாண்டுகள் அலைந்து திரட்டியிருந்தார். குழம்பை 'ஆணம்' என்பதும், காலையுணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்பதும் போன்ற வழக்குகள் அத்தொகுப்பில் நிறைந்திருந்தன. 2003ஆம் ஆண்டில் அதனைத் தட்டச்சு செய்வித்துக் குறுந்தகட்டில் பதிந்துவைத்தார். கையெழுத்துப்படி பின்னர் மழையில் நனைந்து அழிந்தது. நனைந்த அச்சுத்தாள்கள் சில மட்டும் எஞ்சின. குடும்பத்தார் அளித்த குறுந்தகட்டைத் திறந்தபோது திரையில் தோன்றியவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. "வைரஸ் தின்றுவிட்டது ஐயா" என்றார் உடனிருந்த மாணவர். யாமும் அவ்வாறே எண்ணி வருந்தினோம்.

உண்மையில் வைரஸ் எதுவும் இல்லை. கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்துக்கொள்கின்றது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் உடன்பாடு குறியேற்றம் எனப்படும். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீதே தமிழ் வடிவங்களை ஏற்றிப் பல எழுத்துருக்கள் செய்யப்பெற்றன. அவற்றுள் பெரிதும் வழங்கியது பாமினி. பாமினியில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயாகும். பாமினி இல்லாத கணினி அவற்றை உள்ளவாறே காட்டிவிடுகின்றது.

ஆளுக்கொரு குறியேற்றம் வழங்கிய அக்காலத்தில் ஒழுங்கு காண முயன்றோரும் உளர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் 99 மாநாட்டின் வழியே டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரம்பெற்றன. இணைய ஆர்வலர்கள் டிஸ்கி என்பதனை உருவாக்கினர். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 முதலாகவே அது விண்டோஸ் கணினிகளில் இயங்கலாயிற்று. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 'க்' என்னும் மெய்யை அடிப்படையாகக் கொள்ளாமல் 'க' என்பதனோடு புள்ளி சேர்ப்பதாக ஒருங்குறி கொண்டிருப்பது தமிழிலக்கணத்திற்கு ஒவ்வாது என்பது எம் கருத்து. ஆயினும் 'கெ' என்பதில் ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கின்றதே, அஃது ஒலிமுறைக்கு உகந்தது. பழைய எழுத்துருக்கள் தட்டச்சுப் பொறியைப் பின்பற்றிக் கொம்பையே முதலில் வைத்தன.

இனி, செய்முறைக்கு வருவோம். பழைய கோப்பைத் திறக்குமுன் அதற்கு ஒரு படி எடுத்துவைத்துப் படியிலேயே பணிசெய்தல் வேண்டும். வேர்டு மென்பொருளில் அக்கோப்பைத் திறந்து, எழுத்துருப் பெயர் தோன்றும் பெட்டியைப் பார்க்க. அவ்வெழுத்துரு கணினியில் இல்லாவிடினும் அதன் பெயர் அங்குத் தோன்றும். அப்பெயரைக் கொண்டு குறியேற்றத்தை அறிந்து, என்.எச்.எம். மாற்றி போன்றதொரு மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றலாம். இணையத்தில் ஒட்டி மாற்றும் வசதிகளும் உண்டு. எனினும் பிறருடைய சான்றிதழ், கடிதம் ஆகியவற்றை அங்கு ஒட்டாதிருத்தல் நன்று. கோப்பில் இடையிடையே ஆங்கிலம் இருப்பின் அதனைத் தனியே பிரித்துவிடுக. இல்லையேல் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். கோப்பு தொலைந்து அச்சுப்படி மட்டும் இருப்பின், அதனைத் தெளிவாகப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறந்தால் பெரும்பகுதி எழுத்துகளாகக் கிடைக்கும். மெய்ப்புப் பார்ப்பது நம் கடன்.

ஈண்டு எம் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். குறுந்தகட்டில் விடுபட்ட சில பக்கங்கள் அந்த நனைந்த தாள்களில் இருந்தன. கோப்பு முழுதும் ஒரு சீராக இருக்கட்டும் என்று அவற்றையும் பாமினியிலேயே தட்டச்சு செய்யப் பணித்தோம். வரியின் முதலெழுத்தைத் தானே பெரிய ஆங்கில எழுத்தாக மாற்றும் வசதி வேர்டில் இயங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் நோக்கவில்லை. பாமினியில் சிறிய எழுத்து 'ப' எனின் பெரிய எழுத்து 'பு'. சிறியது 'அ' எனின் பெரியது 'ஆ'. சொல்லகராதியிலோ ஒவ்வொரு தலைச்சொல்லும் வரியின் முதலில் நிற்பது. 'பட்டு' 'புட்டு' ஆயிற்று. 'அடி' 'ஆடி' ஆயிற்று. இரண்டும் சொற்களே ஆதலின் தட்டச்சு செய்த மாணவருக்கு ஐயம் எழவில்லை. யாம் கண்டறிந்தபோது ஈரத்தாள்கள் பழைய தாள்களோடு கழிக்கப்பட்டுவிட்டன. ஒருங்குறித் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாமையால் இவ்விடர் அங்கு நேராது.

ஒருங்குறியிலும் விழிப்பு வேண்டும். எம் முன்னாள் மாணவர் பட்டியலில் 'மௌலவி' என்று தேடினால் பாதிப்பேர் வருவதில்லை. காரணம், ஔகாரக் குறியை இடாமல், 'மெ' எழுதி அருகில் 'ள' எழுதியிருந்தமையே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், கணினிக்கு வேறு. 'க' என்னும் எழுத்தும் ஒன்று என்னும் தமிழ் எண்ணும் இவ்வாறே மயங்குவன. பிழையைக் கண்டதும் 'மெள' என்பதை எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிட முற்படலாகாது. 'மெள்ள' என்னும் நல்ல சொல் சிதைந்துபோகும். 'கெள' என்பதை அவ்வாறு மாற்றினால் கெளுத்தி மீனும் தப்பாது. ஒவ்வோரிடமாகப் பார்த்தே மாற்றுக.

அச்சகங்கள் சிலவற்றில் பேஜ்மேக்கர் இன்றும் புழங்குகின்றது. 2001இல் வந்த ஏழாம் பதிப்பே அதன் இறுதிப் பதிப்பு. அது தமிழ் ஒருங்குறியை அறியாது. ஆகவே மலர் அச்சானவுடன் அச்சகத்தின் கோப்போடு நிறைவடையாமல், ஒருங்குறியில் அமைந்த மூலத்தையும் துறையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதனையும் ஒரே பென் டிரைவில் வைத்தால் போதாது. கணினியில் ஒன்று, வெளியே மற்றொன்று, வேறொரு கட்டடத்தில் இன்னொன்று என மூன்று படிகளேனும் இருத்தல் நலம். புதிதாகத் தட்டச்சு பயிலும் மாணவர் தமிழ்99 விசைப்பலகையையே பயில்க. இன்றைய விண்டோஸிலேயே அது உள்ளது. ஆங்கில ஒலிப்பு வழியே தமிழை எழுதிப் பழகிய விரல்கள் லகர, ழகர, ளகரங்களில் தடுமாறுவதை வகுப்பில் நாள்தோறும் காண்கின்றோம்.

அப்பேராசிரியரின் தொகுப்பு இப்பொழுது ஒருங்குறியில் உள்ளது. குறுந்தகட்டிலிருந்து மீண்ட பகுதி முழுமையானது. எம் பிழையால் கெட்ட பக்கங்களிலுள்ள தலைச்சொற்களை மட்டும் தனித்தாள்களில் அச்சிட்டு, இரு வடிவங்களையும் அருகருகே எழுதித் துறையில் வைத்துள்ளோம். அவ்வூர்களின் வழக்கை அறிந்த பெரியோர்கள் வந்து, இது 'அ'வா 'ஆ'வா, 'ப'வா 'பு'வா என்று சொல்லி உதவ வேண்டுகின்றோம்.