அருவிக்கரை டீயும் இதயத்தின் கால்சியமும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், மெயினருவியோ ஐந்தருவியோ பழைய குற்றாலமோ, குளித்து முடித்தவர்களின் கால் டீக்கடைக்குத்தான் போகும். ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுங்கும் கையால் கிளாஸைப் பிடித்து ஊதிக் குடிக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உடனே பழி டீயின் மேல் விழும்.

நம்பிக்கை: டீ, காபியில் உள்ள காஃபீன் இதயத்தசையின் கால்சியத்தைக் குலைத்துவிடும்.

உண்மை: இதில் பாதி சரி என்பதால்தான் இது எளிதில் பரவுகிறது. இதயச் செல் ஒவ்வொன்றின் உள்ளேயும் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் நுண்ணிய அறைகள் உண்டு. துடிப்புக்கான மின்தூண்டல் வந்ததும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழையும். அது அறைகளின் கதவைத் திறக்க, உள்ளே இருக்கும் கால்சியம் பாய்ந்து தசை சுருங்கும். கால்சியம் திரும்ப இறைக்கப்பட்டதும் தசை தளரும். அந்தக் கதவுக்கு ரயனோடின் ஏற்பி என்று பெயர். காஃபீன் அதைத் திறக்கக்கூடியதுதான். அறையில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று அளக்க, ஆய்வுக்கூடங்களில் தனிச் செல்லின் மேல் காஃபீன் கரைசலைப் பாய்ச்சுகிறார்கள்.

ஆனால் அந்தக் கரைசலில் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் காஃபீன் இருக்கும். ஒரு காபி குடித்தவரின் ரத்தத்தில் இருப்பதோ லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. ரத்தத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராமை நெருங்கினாலே உயிருக்கு ஆபத்து. ஆய்வுக்கூட அளவை எந்த டீ மாஸ்டராலும் கிளாஸில் தர முடியாது. டீ தரும் சுறுசுறுப்பு, காஃபீன் அடினோசின் என்ற பொருளின் வேலையைத் தடுப்பதால் வருவது.

நம்பிக்கை: காபி குடித்தால் இதயக் குழாயில் கால்சியம் படியும்.

உண்மை: குழாய்ச் சுவரில் படிவது பல ஆண்டுக் கதை. கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைபிடித்தல் ஆகியவற்றோடு சேர்ந்தது. துடிப்புக்குத் துடிப்பு செல்லுக்குள் நடக்கும் கால்சியப் போக்குவரத்து முற்றிலும் வேறு.

நம்பிக்கை: அருவிக்கரைப் படபடப்புக்கு டீதான் காரணம்.

உண்மை: காஃபீன் ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முதல் மடக்கிலேயே அடித்துக்கொள்ளும் நெஞ்சுக்குக் காரணம் குளிர்ந்த நீர். அது உடம்பில் விழுந்ததும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சுரக்கின்றன. ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. இதயச் செல்லுக்குள் கால்சியத்தை உண்மையிலேயே கூடுதலாக ஓடவைப்பவை இந்த ஹார்மோன்கள்தாம்.

இதனால் காபிக்கு முழு விடுதலை என்றாகாது. 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், காபி குடித்த நாட்களில் இதயத்தின் மேலறைகளில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் குறிப்பிடும்படி கூடவில்லை, கீழறைகளில் கூடின. தூக்கமும் குறைந்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதிப்பில்லை என்பது பொதுவான வரம்பு. ரயனோடின் ஏற்பியிலேயே பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

இதய நோயாளிகளும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் தலையைச் சட்டென்று அருவிக்குக் கொடுக்காதீர்கள். படபடப்போடு நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், டீயைக் குறை சொல்லிக்கொண்டு நிற்காமல் 108ஐ அழையுங்கள்.